உடம்பில் ஓதம் உண்டா?

பௌர்ணமியன்று கடல் பொங்குகிறது. கடலும் தண்ணீர், நம் உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர். அவ்வளவு பெரிய கடலையே இழுக்கிற நிலா நம்மை மட்டும் விட்டுவைக்குமா? சொற்பொழிவு மேடையிலும் யோக வகுப்பிலும் வீட்டுப் பேச்சிலும் இந்தக் கேள்வியைக் கேட்டிராதவர்கள் நம்மில் குறைவு. பௌர்ணமியில் சித்தம் கலங்கும், அமாவாசையில் நோவு கூடும், நிறைநிலா இரவில் பிரசவ வார்டு நிரம்பி வழியும் என்று இதன் மேல் எத்தனையோ முடிவுகள் ஏற்றிவைக்கப்பட்டிருக்கின்றன.

இதைக் கேலி செய்து ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இது ஒரு வாதம்; வாதத்துக்குரிய மரியாதையை அதற்குக் கொடுக்க வேண்டும். கடல் ஏறி இறங்குவது, அதாவது ஓதம், உண்மை. அதற்கு நிலா காரணம் என்பதும் உண்மை. உடம்பில் தண்ணீர் இருப்பதும் உண்மை. இந்த மூன்றிலிருந்தும் நாலாவது ஒன்றுக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாவல் சரிதானா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மயாமி நகர மனநல மருத்துவர் ஆர்னால்ட் லீபர் 1978-இல் இதே வாதத்தை ஒரு புத்தகமாக எழுதினார். உடம்புக்குள் 'உயிரியல் ஓதங்கள்' எழுகின்றன, அவை மனத்தைக் குலைத்துக் கொலை வரைக்கும் கொண்டுபோகக்கூடும் என்பது அவர் கட்சி. வானியலாளர்கள் அதை எடை போட்டுப் பார்த்தார்கள். நாமும் போடுவோம்.

நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து அது 60 கிலோ எடையுள்ள ஒருவரை இழுக்கும் விசை, ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடைக்குச் சமம். பூமியின் இழுப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறு விசைகூட நம் உடம்புக்குத் தெரிவதில்லை. நம்மை இழுக்கும்போதே காலடித் தரையையும் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையும் மொத்தப் பூமியையும் நிலா ஏறக்குறைய அதே வேகத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்தே நகரும்போது ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை, நெருக்குவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களைப் பாருங்கள். அந்த உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் அந்த இழுப்பு அவர்களுக்குத் தெரிவதில்லை.

மிஞ்சுவது வித்தியாசம் மட்டும். நிலாவைப் பார்த்திருக்கும் பக்கம், பூமியின் மையத்தைவிட 6,400 கி.மீ. நிலாவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அங்கே இழுப்பு சற்றுக் கூடுதல். மறுபக்கம் அதே அளவு தள்ளி இருக்கிறது. அங்கே சற்றுக் குறைவு. ஓதத்தை உண்டாக்குவது இந்தச் 'சற்று'தான். 1687-இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன் இதை விளக்கினார். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறுவதன் காரணமும் இதுவே. நிலா நமக்கு மேலே நிற்கும்போது ஓர் ஏற்றம், பூமியின் மறுபுறம் நிற்கும்போது இன்னொன்று.

சூரியனை வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பூமியைச் சூரியன் இழுக்கும் விசை, நிலாவின் இழுப்பைப் போல ஏறத்தாழ 180 மடங்கு. ஆனால் ஓதத்தில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. 15 கோடி கி.மீ. தள்ளி நிற்கும் சூரியனுக்குப் பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம். இழுப்பு எவ்வளவு பெரிதானாலும் வித்தியாசம் சிறுத்துப்போகிறது.

சரி, அந்த வித்தியாசம் 60 கிலோ மனிதருக்கு எவ்வளவு? நிலா உச்சிக்கு வரும்போது அவர் எடை சுமார் 7 மில்லிகிராம் குறைகிறது. மூன்று கொசுக்களின் எடை. இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். பூமியின் மையத்திலிருந்து விலக விலக எடை குறையும் அல்லவா? படிக்கட்டில் இரண்டு படி ஏறினால் எவ்வளவு குறையுமோ அவ்வளவுதான் நிலா குறைக்கிறது. மூன்றாவது மாடியில் குடியிருப்பவர், தரைத்தளத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டால், இதைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்ட 'நிலாப் பாதிப்பில்' வருஷம் முழுவதும் வாழ்கிறார். மூன்றாவது மாடிக்காரர்களுக்குச் சித்தம் கலங்குவதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

இதுவும் உடம்பு மொத்தத்துக்குமான கணக்கு. 'உடம்பில் ஓதம்' என்றால் உடம்பின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையே இழுப்பு வேறுபட வேண்டும். கடலுக்கு அந்த வேறுபாட்டை உண்டாக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலம் இருக்கிறது. நமக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒன்றே முக்கால் மீட்டர் தேறினால் அதிகம். அந்த நீளத்தில் நிலா உண்டாக்கும் வேறுபாடு, ஒரு கிராமை ஐம்பது கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கைக்குழந்தையைத் தாய் மார்போடு அணைத்திருக்கிறாள் என்று வையுங்கள். அவள் உடம்பின் ஈர்ப்பு மிகமிகச் சிறியதுதான். ஆனால் அவள் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், குழந்தையின் உடம்புக்குள் அவள் உண்டாக்கும் ஓதம், நிலா உண்டாக்குவதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கு மேல்.

தண்ணீர் என்பதால் நிலாவுக்குத் தனிப் பிரியம் எதுவும் இல்லை. ஈர்ப்பு விசைக்குத் தண்ணீரும் பாறையும் எலும்பும் ஒன்றே. கடல் ஏறுவதற்குக் காரணம் அதன் பரப்பும், அது தடையின்றி ஒரே நீர்ப்பரப்பாகக் கிடப்பதும். பக்கவாட்டில் இழுக்கும் ஒரு நுண்ணிய விசை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தொடர்ந்து செயல்பட்டு நீரை ஒரு பக்கமாகச் சேர்க்கிறது. பரப்பு குறைந்தால் கதை முடிந்தது. வட அமெரிக்காவின் பேரேரிகள் கண்ணுக்கெட்டிய வரை கரை தெரியாதவை. சுப்பீரியர் ஏரி மட்டும் 500 கி.மீ.க்கு மேல் நீளம். அங்கேயே நிலாவும் சூரியனும் சேர்ந்து எழுப்பும் ஓதம் 5 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. காற்றடித்தால் அதுவும் மறைந்துவிடும். நம் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓதத்தை யாரும் பார்த்ததில்லை, குளத்தில் பார்த்ததில்லை, குடத்தில் பார்த்ததில்லை. நாளம் நாளமாக அடைபட்டு, இதயம் நிமிஷத்துக்கு எழுபது முறை அழுத்தித் தள்ளும் ரத்தத்தில் அது எப்படித் தெரியும்?

எண்களைத் தள்ளிவைத்துவிட்டு நாள்காட்டியை எடுத்துக்கொண்டாலும் வாதம் நிற்கவில்லை. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நிற்பதால் ஓதம் பெரிது. இரண்டுக்கும் நடுவே அஷ்டமியை ஒட்டிச் சிறிது. இழுப்புதான் காரணம் என்றால் அமாவாசையும் பௌர்ணமியும் மனத்தை ஒரே மாதிரி குலைக்க வேண்டும். அஷ்டமியில் ஊரே அமைதியாக இருக்க வேண்டும். அது மட்டுமா? நிலாவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு மிக அருகில் வரும் நாளில் அதன் ஓத விசை, மிகத் தொலைவில் இருக்கும் நாளைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல். அந்த நாள் 27.5 நாளுக்கு ஒரு முறை, பிறைக் கணக்கோடு ஒட்டாமல் வருகிறது. நிலாவின் ஈர்ப்புக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய நாள் அது; ஒருவரும் பார்ப்பதில்லை. மேலும், கடல் அன்றாடம் இருமுறை ஏறி இறங்குகிறது. மனத்தில் ஓதம் இருந்தால் அதுவும் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து தணிய வேண்டும்.

இனி, கணக்கெடுப்பு. ஜேம்ஸ் ராட்டன், ஐவன் கெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் மனநோய், குற்றம், தற்கொலை போன்றவற்றை நிலாவோடு தொடர்புபடுத்திய 37 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதுவும் இல்லை. சாலை விபத்துகள் நிறைநிலா இரவுகளில் கூடுவதாகச் சொன்ன ஓர் ஆய்வு இருந்தது. அந்தக் காலகட்டத்தில் நிறைநிலா நாள்கள் வார இறுதியில் அதிகம் விழுந்திருந்தன, அதைச் சரிசெய்ததும் விளைவு மறைந்தது. பிரசவத்துக்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கணக்கு ஒன்று போதும். 1997 முதல் 2001 வரை 62 நிலா மாதங்களில் நடந்த 5,64,039 பிரசவங்களைப் பிறைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எந்தப் பிறையிலும் கூடவில்லை, குறையவில்லை.

இதே கணக்கைத் தமிழ்நாட்டில் எடுத்தால் ஒருவேளை கூடுதல் குறைச்சல் தெரியலாம். நல்ல நேரம் பார்த்துச் சிசேரியனுக்கு நாள் குறிப்பதும், அஷ்டமி நவமியைத் தவிர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதும் இங்கே வழக்கம். திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்குக் கூட்டம் திரளும்போது அந்த ஊர் மருத்துவமனைக்கு வருகிறவர்களும் கூடத்தான் செய்வார்கள். நிலாவை நம்பி மனிதர்கள் செய்கிற காரியங்கள் நிலாவின் வேலையைப் போலவே பதிவேட்டில் தெரியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறினால் எந்தப் புள்ளிவிவரமும் நம்மை ஏமாற்றிவிடும்.

அப்படியானால் நிலாவின் ஈர்ப்பு மனிதர்களைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது, சில நேரம் மிகக் கொடூரமாக. ஆனால் ரத்தத்தின் வழியாக வருவதில்லை.

1943 நவம்பர் 20. பசிபிக் கடலில் தராவா பவளத்தீவுக் கூட்டத்தில் பெடியோ என்ற சிறு தீவு. இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. அங்கே ஜப்பானியப் படை பதுங்கியிருந்தது. அமெரிக்க மரைன் படை வீரர்களைக் கரையிறக்க வந்த படகுகளுக்குக் குறைந்தது 1.2 மீட்டர் ஆழம் வேண்டும். தீவைச் சுற்றியிருந்த பவளத்திட்டின் மேல் அந்த ஆழத்துக்கு நீர் ஏறிவிடும் என்று திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்தார்கள். அந்தப் பகுதியில் பல ஆண்டு வாழ்ந்த ஒருவர், நீர் போதாது என்று எச்சரித்தும் இருந்தார். நீர் ஏறவில்லை. படகுகள் திட்டில் தட்டி நின்றன. வீரர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, குண்டுமழையில், நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் நீரில் நடந்தே கரைக்குப் போனார்கள். மூன்று நாள் சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், ஜப்பானியர், கொரியர் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரும் செத்தார்கள்.

ஏன் நீர் ஏறவில்லை என்பதை 1987-இல் டெக்சாஸின் இயற்பியலாளர் டொனால்ட் ஓல்சன் கணக்கிட்டுச் சொன்னார். அன்றைக்குத் தேய்பிறையின் அரைநிலா; சூரியனும் நிலாவும் செங்குத்துத் திசைகளில் இழுத்து ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும் நேரம். அதோடு நிலா தன் பாதையின் மிகத் தொலைவான புள்ளியை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததால் கடல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடந்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகளை இறக்க நாள் குறித்தபோது, இங்கிலாந்தின் ஆர்தர் டூட்சன் ஓதக் கணிப்புப் பொறிகளை ஓட்டிக் கரைவாரியாக நீர்மட்டத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். குஜராத்தின் அலங் கடற்கரையில் இன்றும், உடைக்கப்போகும் கப்பலைக் கரையேற்றப் பெரிய ஓதம் வரும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள். உள்ளே போகப்போகக் குறுகும் காம்பே வளைகுடாவில் புகும் கடல் அங்கே பத்து மீட்டர் வரை ஏறும். சென்னையில் அது ஒரு மீட்டரைச் சுற்றித்தான்.

கடல் மட்டுமல்ல, தரையும் ஏறி இறங்குகிறது. நாம் நிற்கும் நிலம் முப்பது நாற்பது சென்டிமீட்டர் வரை, நாளுக்கு இருமுறை. பக்கத்து ஊரும் மலையும் கூடவே ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் ஓடத் தொடங்கிய 27 கி.மீ. சுற்றளவுள்ள துகள் முடுக்கிக்குத் தெரிந்தது. எலக்ட்ரான்களின் ஆற்றல் நேரத்துக்கு நேரம் சற்று மாறிக்கொண்டிருந்தது. தேடிப் போனால், நிலாவின் ஓதம் நிலத்தை நீட்டிச் சுருக்கியதில் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறியிருந்தது.

இங்கே நம் கரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன நாள். பௌர்ணமிதான் காரணம் என்று அப்போது பலரும் பேசினார்கள். அலையை எழுப்பியது சுமத்ரா அருகே நடந்த நிலநடுக்கம்; அங்கே பாறைத்தட்டுகளுக்கு நடுவே நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தம் சேர்ந்திருந்தது. ஆனால் 2016-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சடோஷி இடேயும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றைக் காட்டினார்கள். மிகப் பெரிய நிலநடுக்கங்கள் சில, சுமத்ரா நடுக்கம் உட்பட, பாறைப் பிளவின் மேல் ஓத அழுத்தம் உச்சத்துக்கு அருகில் இருந்த சமயங்களில் நிகழ்ந்திருக்கின்றன. சிறு வெடிப்பு ஒன்று பெரும் பிளவாக விரிய ஓதம் கடைசித் தள்ளலைக் கொடுத்திருக்கலாம். பாறையில் சேர்ந்திருந்த சுமையோடு ஒப்பிட்டால் அந்தத் தள்ளல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. உடையவிருந்த நாளை அது முன்னே பின்னே நகர்த்தியிருக்கக்கூடும், உடைப்பை உண்டாக்கவில்லை. இதை வைத்துப் பௌர்ணமிதோறும் கடற்கரை மக்களைப் பயமுறுத்துவது அநியாயம். எத்தனை நூறு பௌர்ணமிகள் ஒன்றும் நேராமல் கழிந்திருக்கின்றன.

நிலா நம் இரவுகளைத் தொடும் இன்னொரு வழி வெளிச்சம். ஈர்ப்பைப் பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் மறந்துபோகிறது. தான்சானியாவில் சிங்கங்கள் மனிதர்களைத் தாக்கிய சம்பவங்களைத் தொகுத்த கிரெய்க் பேக்கரின் குழு, தாக்குதல்கள் பௌர்ணமிக்கு அடுத்து வரும் நாள்களில்தான் மிகுதி என்று 2011-இல் எழுதியது. அப்போது நிலா தாமதமாக எழுவதால் முன்னிரவு இருட்டாக இருக்கிறது. ஆள்களோ இன்னும் வெளியில் நடமாடுகிறார்கள். பசித்த சிங்கத்துக்கு அந்த இருட்டு போதும்.

தூக்கத்தின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது, ஆனால் முடிவு அவ்வளவு எளிதாக இல்லை. அர்ஜென்டினாவின் ஃபார்மோசா மாநிலத்தில் வாழும் தோபா பழங்குடி மக்கள் பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் தாமதமாகப் படுத்துக் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த நாள்களில் பொழுது சாயும்போதே நிலா மேலே இருக்கும். மின்சாரம் இல்லாத ஊரில் அது விளக்கு. ஆனால் மின்விளக்கில் மூழ்கிய சியாட்டில் நகர மாணவர்களிடமும் அதே சாயல் தெரிந்தது. அமெரிக்க மனநல ஆய்வாளர் தாமஸ் வேர் 2018-இல் எழுதிய கட்டுரை இன்னும் வியப்பானது. மனநிலை வேகமாக ஏறி இறங்கும் இருதுருவ நோயாளிகள் 17 பேரின் பதிவுகளில், அந்த மாற்றங்கள் நிலாவின் சுழற்சிகளோடு, 14.8 நாள் ஓதச் சுழற்சி உட்பட, ஒத்துப்போன காலங்கள் இருந்தன. மாதத்துக்கு ஒரு முறை உச்சம் பெறும் வெளிச்சத்தால் இரு வாரச் சுழற்சியை விளக்க முடியாது. ஆட்கள் குறைவு, இரண்டு படி ஏறும் அளவு மாற்றத்தை உணரும் உறுப்பு எதுவும் நம் உடம்பில் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே ஈர்ப்பின் பக்கம் நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனாலும் இந்தப் பதிவுகளை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். பெரிய அளவில் அளந்து பார்க்க வேண்டிய கேள்வி இது.

ஐயத்துக்கு இடமில்லாமல் நிலாவின் ஈர்ப்பு நம் உடம்பில் பதித்திருக்கும் தடம் ஒன்று உண்டு. நாளின் நீளம். பூமி நிலாவைவிட வேகமாகச் சுழல்வதால் ஓதத்தின் புடைப்பு நிலாவுக்குச் சற்று முன்னே ஓடுகிறது. அதை நிலா பின்னுக்கு இழுக்கிறது. கடல்நீர் ஆழமில்லாத அடித்தரையில் உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. பூமியின் சுழற்சி மெதுவாகிறது. அந்த இழப்பை வாங்கிக்கொண்டு நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப்போகிறது. அப்போலோ வீரர்கள் விட்டுவந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளந்திருக்கிறார்கள்.

பழைய நாள் எவ்வளவு நீளம் என்பதற்குப் பவளங்கள் சாட்சி. சில பவளங்களின் ஓட்டில் நாளுக்கு ஒரு மெல்லிய கோடும் ஆண்டுக்கு ஒரு பட்டையும் படிகின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் வெல்ஸ் 1963-இல், 37 கோடி ஆண்டுக்கு முந்தைய புதைபடிவப் பவளங்களில் அந்தக் கோடுகளை எண்ணினார். ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 கோடுகள். அன்றைய நாள் 22 மணி நேரம்தான். அதிலிருந்து இன்றைய 24 மணிக்கு நாளை இழுத்து நீட்டியதில் பெரும்பங்கு நிலாவுடையது. நமக்குப் பசி எடுக்கும் நேரமும் தூக்கம் வரும் நேரமும் உடம்புச் சூடு ஏறி இறங்கும் நேரமும் இந்த 24 மணிக்கு மிக அருகில் ஓடும் உள் கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன.

அந்த நீட்சி இன்றும் நிற்கவில்லை. ஒரு நூற்றாண்டில் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 2 மில்லிவிநாடி என்ற கணக்கில் நடக்கிறது. பூமியின் உள்ளகமும் உருகும் பனியும் அதில் அவ்வப்போது ஏற்ற இறக்கம் செய்தாலும், நீண்ட போக்கு ஒன்றே. அணுக்கடிகாரங்களைவிடப் பூமி பின்தங்குவதைச் சரிக்கட்ட 1972 முதல் 27 முறை உலக நேரத்தில் ஒரு விநாடி சேர்த்திருக்கிறார்கள். கடைசி விநாடி, இந்திய நேரப்படி 2017 ஜனவரி 1 அன்று காலை ஐந்தரை மணிக்குச் சற்று முன்பு சேர்க்கப்பட்டது. கணினி வலைப்பின்னல்களுக்கு இது தொல்லையாக இருப்பதால் 2035-க்குள் இந்த வழக்கத்தை நிறுத்திக்கொள்வதென்று 2022-இல் உலக நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. அதன் பிறகு சேரும் வித்தியாசத்தை எப்போது, எப்படிக் கழிப்பது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.